இராஜாஜியும் சிறார் காப்பும்: சேலம் நிலப்பகுதி வாழ்வை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியாரின் பொதுவாழ்வு பழைய சேலம் மாவட்டத்தில் உருப்பெற்றது. அவர் வாழ்க்கையை எழுதியோர் பெரிதும் விடுதலைப் போராட்டத்தையும் ஆட்சிப் பொறுப்புகளையும் முதன்மைப்படுத்தினர். இக்கட்டுரை அவ்வாழ்வைக் குழந்தை என்னும் மையத்திலிருந்து நோக்குகிறது. இளவயது மணம், திருச்செங்கோட்டு ஆசிரமம், 1937ஆம் ஆண்டு மதுவிலக்கு, 1953ஆம் ஆண்டு தொடக்கக் கல்வித் திட்டம் ஆகிய நான்கு நிலைகளில் குடும்பத்துக்கும் அரசுக்கும் இடையே குழந்தையின் பொறுப்பு எவ்வாறு பங்கிடப்பட்டது என்பது ஆராயப்படுகிறது. குடும்பத்தை நம்பிய ஒரு தலைவர், அக்குடும்பத்தினின்றும் குழந்தையைக் காக்க வேண்டிய அரசின் கடமையை எங்கே ஏற்றார், எங்கே ஏற்கத் தவறினார் என்பதே கட்டுரையின் வினா.

திறவுச் சொற்கள்: இராஜாஜி, சேலம் மாவட்டம், சிறார் உரிமை, மதுவிலக்கு, தொடக்கக் கல்வி, குடும்பத் தொழில்.

முன்னுரை

குழந்தைக்கு முதற்காவல் பெற்றோர் என்பது உலகியல் வழக்கு. அக்காவல் தளரும் இடத்தில், அல்லது காவலே சுமையாக மாறும் இடத்தில், அரசு குறுக்கிட வேண்டும் என்பது இருபதாம் நூற்றாண்டு வளர்த்தெடுத்த கருத்து. 1924இல் ஜெனீவாவில் நாடுகளின் சங்கம் ஏற்ற அறிக்கையும், 1959இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட குழந்தை உரிமை அறிக்கையும், 1989ஆம் ஆண்டு உடன்படிக்கையும் இக்கருத்தின் படிநிலைகளாகும். சென்னை மாகாணம் இத்துறையில் பின்தங்கியிருக்கவில்லை. 1920இல் இயற்றப்பட்ட சென்னைச் சிறுவர் சட்டம் இந்திய மாகாணங்களுள் முதன்முதலாகத் தோன்றியது. வங்காளமும் பம்பாயும் பின்னரே அவ்வழியில் வந்தன.

சட்டம் ஒருபுறம் வளர, சேலம், நாமக்கல் சமவெளியின் சிற்றூர்களில் குழந்தையின் வாழ்வு குடும்பத் தொழிலோடு பிணைந்தே இருந்தது. அந்நிலத்தில் வழக்கறிஞராகவும், நகராட்சித் தலைவராகவும், ஆசிரமவாசியாகவும் வாழ்ந்து, பின்னர் இருமுறை மாகாண ஆட்சிக்குத் தலைமையேற்றவர் இராஜாஜி. ஆதலின், அவர் வரலாறு குழந்தைக்கும் அரசுக்கும் உள்ள உறவின் வரலாறாகவும் அமைகிறது.

தொரப்பள்ளி முதல் சேலம் வரை

இராஜாஜி 1878 டிசம்பர் 10ஆம் நாள் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். அவ்வூர் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. தந்தையார் வேங்கடார்யர் அவ்வூர் முனிசீப், தாயார் சிங்காரம்மாள். குடும்பம் பெருஞ்செல்வம் படைத்ததன்று. எனினும், மகனின் படிப்புக்காகச் சொந்த ஊரை விட்டு ஓசூருக்கும், பின்னர்ப் பெங்களூருக்கும் இடம்பெயரும் துணிவு அதற்கு இருந்தது. பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்று, சென்னை மாநிலக் கல்லூரியில் சட்டம் பயின்ற அவர், 1900ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார்.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. ஊர் முனிசீப்பின் மகன் ஊர் முனிசீப்பாகவே நின்றுவிடவில்லை. தந்தையின் பணியினின்றும் மகனை விலக்கி வேறொரு வாழ்வுக்கு அனுப்பியது பள்ளி. அப்பள்ளியை எட்டும் வழியைத் திறந்தது குடும்பம். இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்த பிள்ளைகள் அக்காலச் சேலம் மாவட்டத்தில் மிகச் சிலரே. இராஜாஜியின் பிற்காலக் கொள்கைகளை மதிப்பிடும்போது இத்தொடக்கத்தை நினைவிற்கொள்ள வேண்டியுள்ளது.

இல்லறமும் இளவயது மணமும்

1897இல் இராஜாஜி அலமேலு மங்கம்மாளை மணந்தார். மணமகளுக்கு அப்போது பத்து வயது. பதின்மூன்றாம் வயதில் அவர் தாயானார். அக்காலச் சட்டம் இதனைத் தடுக்கவில்லை. 1891ஆம் ஆண்டுச் சட்டம் உடலுறவுக்கான இசைவு வயதைப் பன்னிரண்டாக உயர்த்தியிருந்ததே தவிர, மணத்துக்கு வயதெல்லை எதனையும் வகுக்கவில்லை. அச்சட்டத்துக்கே இந்தியாவெங்கும் கடும் எதிர்ப்பு எழுந்தது. குடும்பத்துக்குள் அரசு நுழைவதா என்பதே அன்றைய எதிர்ப்பாளர்தம் வினா.

அலமேலு மங்கம்மாள் ஐந்து மக்களைப் பெற்று, முப்பது வயது நிறைவதற்கு முன்பே மறைந்தார். இராஜாஜி மறுமணம் செய்துகொள்ளவில்லை. தாயற்ற பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பைத் தாமே ஏற்றார். தொழிலும் பொதுப்பணியும் பெருகிய அக்காலத்தில் வீட்டையும் அவரே கவனித்தார்.

இளைய மகள் இலட்சுமியின் வாழ்வு இத்தொடர்பில் கருதத்தக்கது. காந்தியடிகளின் மகன் தேவதாஸும் இலட்சுமியும் ஒருவரையொருவர் விரும்பியபோது இலட்சுமிக்குப் பதினைந்து வயது. தேவதாஸ் அவரினும் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் மூத்தவர். இரு தந்தையரும் கூடி, ஐந்தாண்டுகள் ஒருவரையொருவர் காணாது காத்திருக்க வேண்டும் என்று விதித்தனர். காத்திருப்பு முடிந்தபின் 1933இல் மணம் நிகழ்ந்தது. இடையில் 1929ஆம் ஆண்டுச் சாரதா சட்டம் நிறைவேறி, 1930 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அது பெண்ணுக்கு விதித்த மணவயது பதினான்கே. தந்தையர் விதித்த எல்லை சட்டத்தின் எல்லையைக் கடந்து நின்றது.

தாய்க்குப் பத்து வயதில் மணம். மகளுக்கு இருபது வயதைக் கடந்தபின் மணம். ஒரே தலைமுறையில் ஒரு குடும்பம் சட்டத்தின் தூண்டுதலின்றித் தானே இவ்வளவு தொலைவு நடந்துவந்தது. குடும்பம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் ஆற்றலுடையது என்னும் நம்பிக்கை இராஜாஜியிடம் ஆழ வேரூன்றியதற்கு இத்தகைய சொந்தப் பட்டறிவும் காரணமாக இருந்திருக்கக்கூடும். ஆனால், அவ்வாற்றல் கல்வியும் வாய்ப்பும் பெற்ற ஒரு குடும்பத்தின் ஆற்றல் என்பதை மறத்தலாகாது.

நகராட்சியும் தமிழ்வழி அறிவும்

1911இல் சேலம் நகராட்சி உறுப்பினரான இராஜாஜி, 1917 முதல் 1919 வரை அதன் தலைவராக விளங்கினார். ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் முதன்முதலாக அந்நகராட்சியில் உறுப்பினராவதற்கு அவர் துணைநின்றார். 1916இல் தமிழ் அறிவியற் சொற்களை ஆக்குவதற்கெனச் சங்கம் ஒன்றை நிறுவி, வேதியியல், இயற்பியல், தாவரவியல் முதலான துறைகளுக்குரிய கலைச்சொற்களைத் தமிழில் அமைக்கும் பணியில் ஈடுபட்டார். பிற்காலத்தில் திண்ணை இரசாயனம் என்னும் நூலை எளிய தமிழில் எழுதியதும் இம்முயற்சியின் தொடர்ச்சியே.

பள்ளிப் பிள்ளையும் எழுத்தறிந்த உழவரும் தம் மொழியிலேயே அறிவியலைப் பயில வேண்டும் என்பது இம்முயற்சியின் உட்கிடை. ஆகவே, எளியோர் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியில் அக்கறையற்றவர் என்று அவரைக் கருதுவதற்கு இடமில்லை. 1953ஆம் ஆண்டுத் திட்டத்தை ஆராயும்போது இவ்வுண்மை சிக்கலை எளிதாக்குவதில்லை, மேலும் கடினமாக்குகிறது.

புதுப்பாளையம் ஆசிரமம்

ஒத்துழையாமை இயக்கத்தில் வழக்கறிஞர் தொழிலைத் துறந்து, வேலூர்ச் சிறையில் மூன்று திங்கள் இருந்து மீண்ட இராஜாஜி, 1925 பிப்ரவரியில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அவ்வூர் நிலக்கிழார் இரத்தினசபாபதிக் கவுண்டர் இடம் அளித்தார். மழை பொய்த்தால் கிணறும் வறளும் மேட்டு நிலம் அது. இராஜாஜி தம் இளைய மக்களுடன் அங்கு எளிய குடிலில் வாழ்ந்தார். தீண்டாமை பாராத அவ்விடத்தை அண்டையூரார் தொடக்கத்தில் ஐயத்தோடு நோக்கினர். நூல்நூற்றலும் நெசவும் வறட்சிக்காலத்தில் கூலியாக மாறி அடுப்பை எரியச் செய்தபோது அவ்வையம் படிப்படியாகக் குறைந்தது.

ஆசிரமத்தின் பணிகள் கதர், மருத்துவ உதவி, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்குப் பரப்புரை எனப் பலவாக விரிந்தன. மதுவின் தீமையை விளக்கும் விமோசனம் என்னும் திங்களிதழ் இங்கிருந்து வெளிவந்தது. பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளர் கல்கி அதன் ஆசிரியப் பணியில் இராஜாஜிக்குத் துணையாக இருந்தார்.

இவ்வாசிரம வாழ்வு இராஜாஜிக்கு இருவேறு பாடங்களைக் கற்பித்தது. கள்ளுக்கடைக்குச் செல்லும் கூலி பிள்ளையின் உணவிலிருந்து எடுக்கப்படுவது என்பது முதற்பாடம். வீட்டில் நடக்கும் கைத்தொழில் குடும்பத்தை வாழவைக்கும் என்பது இரண்டாம் பாடம். முன்னது 1937இல் அரசாணையாயிற்று. பின்னது 1953இல் கல்வித் திட்டமாயிற்று. ஒரே நிலத்தில் கற்ற இரு பாடங்களும் குழந்தையின் வாழ்வில் எதிரெதிரான விளைவுகளைத் தோற்றுவித்தன.

மதுவிலக்கு: வீட்டுக்குள் நுழைந்த அரசு

1937இல் சென்னை மாகாணத்தின் முதல் காங்கிரசு அமைச்சரவைக்கு இராஜாஜி தலைமையேற்றார். திருச்செங்கோட்டுப் பகுதியின் குமாரமங்கலம் நிலக்கிழார் டாக்டர் ப. சுப்பராயன் அவ்வமைச்சரவையில் கல்வித் துறையை ஏற்றிருந்தார். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் ஒரு மாவட்டம் முழுவதும் மதுவிலக்குச் செய்த முன்னோடி முயற்சி அது. பின்னர்ச் சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு மாவட்டங்களுக்கும் அது விரிந்தது.

கள்ளிறக்குவோர் பலர் தொழில் இழந்தனர் என்பது அதன் மறுபக்கம். எனினும், குழந்தைக் காப்பு என்னும் நோக்கில் மதுவிலக்கின் பொருள் தெளிவானது. தந்தை ஈட்டிய கூலியைத் தந்தை விரும்பியவாறு செலவிடலாம் என்னும் உரிமையை அரசு கட்டுப்படுத்தியது. மனைவிக்கும் மக்களுக்கும் அக்கூலியில் உள்ள பங்கினைக் குடும்பத்தலைவரின் விருப்பத்துக்கு விட்டுவிட அரசு மறுத்தது. பெற்றோர் தவறும் இடத்தில் அரசு குறுக்கிடலாம் என்னும் கொள்கையைச் சிறுவர் சட்டம் குற்றமும் ஆதரவின்மையும் நேர்ந்த இடங்களில் செயற்படுத்தியது. மதுவிலக்கு அதனை ஒரு மாவட்டத்தின் எல்லா வீடுகளுக்கும் விரித்தது எனலாம்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. இரட்டையாட்சிக் காலந்தொட்டே ஆயத்தீர்வை வருவாய் மாகாணத்தின் கல்விச் செலவைத் தாங்கும் தூண்களுள் ஒன்றாக இருந்தது. பிள்ளைகளின் பள்ளியை நடத்தத் தந்தையரின் குடியை வளர்க்க வேண்டிய முரண் அது. அம்முரணை அறுக்க விரும்பிய காந்தியடிகள், கைத்தொழிலின் வாயிலாகத் தன் செலவைத் தானே ஈடுசெய்யும் பள்ளியை 1937இல் வார்தாவில் முன்மொழிந்தார். இராஜாஜி வேறு வழியையும் நாடினார். வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரியைக் கொணர்ந்தார். 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்துவிட்டது. குடியிலிருந்து குழந்தையைக் காத்த அரசு, அக்குழந்தைக்குப் பள்ளி அமைக்கப் பணம் தேட வேண்டிய நிலையில் நின்றது.

சட்டமும் குடும்பத் தொழில் என்னும் விலக்கும்

இக்காலத்திலேயே சிறார் உழைப்பைப் பற்றிய நடுவணரசுச் சட்டங்களும் தோன்றின. 1931இல் அறிக்கை அளித்த விட்லி தொழிலாளர் ஆணையம், முன்பணம் பெற்றுக்கொண்டு பெற்றோர் பிள்ளைகளின் உழைப்பை அடகு வைக்கும் வழக்கத்தை வெளிப்படுத்தியது. அமிர்தசரசின் கம்பளப் பட்டறைகளோடு சென்னையின் பீடிப் பட்டறைகளும் அதில் இடம்பெற்றன. அதன் விளைவாக 1933ஆம் ஆண்டுச் சட்டம், பதினைந்து வயது நிரம்பாத பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் உடன்பாட்டைச் செல்லாதது என்றது. அவ்வுடன்பாட்டில் ஈடுபடும் பெற்றோருக்கு 50 ரூபாய் வரையும், முதலாளிக்கு 200 ரூபாய் வரையும் தண்டம் விதிக்க அது வழிசெய்தது. 1938ஆம் ஆண்டுச் சட்டம், பீடி, கம்பளம், தீப்பெட்டி, துணி நெசவு, சாயமிடுதல் முதலிய தொழிற்பட்டறைகளில் பன்னிரண்டு வயது நிரம்பாதோரை அமர்த்தலாகாது என்றது.

ஆனால், இரண்டாவது சட்டத்தில் ஒரு விலக்கு அமைந்தது. குடும்பத்தாரின் உதவியை மட்டும் கொண்டு நடத்தப்பெறும் பட்டறைக்கு அத்தடை பொருந்தாது. சேலம், இராசிபுரம், திருச்செங்கோடு ஆகிய நெசவூர்களில் இவ்விலக்கின் பொருளை எளிதில் உணரலாம். கைத்தறி வீட்டுத் தொழில். தறிக்குழி வீட்டுக்குள்ளேயே இருக்கும். தந்தை நெய்வார், தாய் பாவுக்குரிய வேலைகளைப் பார்ப்பார், பிள்ளை தார் சுற்றும். தார் சுற்றும் பிள்ளையின் கை நின்றால் நாடாவும் நிற்கும். மேட்டாங்காட்டு உழவரின் வீட்டில் இவ்விடத்தை ஆடு மேய்த்தலும் பண்ணைய வேலையும் நிரப்பின. இவற்றைச் சட்டம் உழைப்பு என்று எண்ணவில்லை. குடும்பம் என்றே எண்ணியது. சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படாத இவ்வுழைப்பே 1953இல் கல்வி என்னும் பெயரைப் பெற்றது.

1953: கல்வித் திட்டம்

1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு, பதினான்கு வயது நிறையும் வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்கப் பத்தாண்டுகளுக்குள் முயலுமாறு 45ஆம் பிரிவில் அரசைப் பணித்தது. நீதிமன்றத்தின்வழி நிறைவேற்ற இயலாத நெறிமுறையாக அது இருந்தபோதிலும், குழந்தையின் கல்வி அரசின் கடமை என்பது அதனால் உறுதியாயிற்று. 1952 ஏப்ரலில் இராஜாஜி மீண்டும் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். பள்ளி வயதுப் பிள்ளைகள் பலர் பள்ளிக்கு வெளியே நின்றனர். சேர்ந்தவருள்ளும் பலர் ஐந்தாம் வகுப்பை எட்டாமலே நின்றுவிட்டனர். ஆசிரியரும் கட்டடமும் நிதியும் போதவில்லை.

இந்நிலையில் 1953–54ஆம் கல்வியாண்டின் தொடக்கத்தில் மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் நகராட்சி எல்லைக்குப் புறத்தேயுள்ள பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தது. நாள்தோறும் ஐந்து மணி நேரமாக இருந்த வகுப்பு மூன்று மணி நேரமாகச் சுருங்கியது. பிள்ளைகள் இரு பிரிவாக முறைவைத்துப் பள்ளிக்கு வந்தனர். எஞ்சிய பொழுதில் ஆண்பிள்ளைகள் தந்தையின் தொழிலையும் பெண்பிள்ளைகள் தாயிடம் இல்லப் பணியையும் பயில வேண்டும் எனப்பட்டது. பெற்றோரிடம் கைத்தொழில் இல்லாத பிள்ளைகளை வேறு தொழிலாளரிடம் அனுப்பவும் திட்டம் இடமளித்தது.

இராஜாஜியின் நோக்கில் இத்திட்டத்துக்குத் தெளிவான நியாயங்கள் இருந்தன. அதே கட்டடமும் அதே ஆசிரியரும் இருமடங்கு பிள்ளைகளுக்குப் பயன்படுவர். வேலைக்குப் பிள்ளை தேவை என்பதால் பள்ளியையே மறுக்கும் குடும்பம், மூன்று மணி நேரத்துக்காவது பிள்ளையை அனுப்பும். கைத்தொழில் இழிவானது என்னும் எண்ணம் படித்தவரிடையே வளராது. இவற்றை வெற்றுச் சாக்குகள் என்று தள்ளுதல் ஆய்வு நெறியன்று. புதுப்பாளையத்தில் பட்டினியைக் கைத்தொழில் தடுத்ததைக் கண்டறிந்தவரின் நியாயங்கள் அவை.

எனினும், இத்திட்டம் காந்தியடிகளின் வார்தாக் கல்வியினின்றும் அடிப்படையில் வேறுபட்டது. வார்தாக் கல்வியில் கைத்தொழில் பள்ளிக்குள் வந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர் அதனைக் கற்பித்தார். நெசவாளர் மகனும் நிலக்கிழார் மகனும் ஒரே இராட்டையின் முன் அமர்ந்தனர். 1953ஆம் ஆண்டுத் திட்டத்தில் பிள்ளை பள்ளிக்கு வெளியே அனுப்பப்பட்டது. அது எத்தொழிலைப் பயிலும் என்பதைப் பிறப்பே பெரிதும் முடிவுசெய்தது. கைத்தொழிலைக் கல்வியாக்கியது முன்னது. குடும்பத்தின் உழைப்புத் தேவையைக் கல்வி எனப் பெயரிட்டது பின்னது.

மேலும், சேலம் நகரத்துப் பிள்ளைக்கு முழுநேரப் பள்ளி, நகராட்சிக்கு வெளியே சிற்றூரிலுள்ள பிள்ளைக்கு அரைநேரப் பள்ளி என்னும் வேறுபாடும் உண்டாயிற்று. வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைக்குப் பிற்பகலில் வீடு நூலகமாகலாம். தறிவீட்டுப் பிள்ளைக்கு அது தார்க்குச்சியையும், பண்ணையத்து ஆளின் பிள்ளைக்கு ஆட்டுப்பட்டியையுமே தரவல்லது. ஊர் முனிசீப்பின் மகன் ஓசூருக்கும் பெங்களூருக்கும் சென்ற வழி இப்பிள்ளைகளுக்கு நண்பகலோடு அடைபட்டது.

எதிர்ப்பும் வீழ்ச்சியும்

சட்டமன்றத்திலோ கட்சியிலோ விரிந்த கலந்தாய்வு இன்றித் திட்டம் அறிவிக்கப்பட்டது பெருங்குறையாயிற்று. பெரியார் ஈ. வெ. இராமசாமி தலைமையிலான திராவிடர் கழகமும், அண்ணா தலைமையிலான திராவிட முன்னேற்றக் கழகமும் இதனைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தன. அப்பெயரே மக்கள் வழக்கில் நிலைத்தது. 1953 ஜூலையில் திராவிட முன்னேற்றக் கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒருமுனை இத்திட்டத்துக்கு எதிரானது, ஈ. வெ. கி. சம்பத் தலைமையில் முதலமைச்சர் இல்லத்தின் முன் மறியல் நிகழ்ந்தது. காவிரிக்கு அக்கரையில், ஈரோட்டில், 1954 சனவரியில் திராவிடர் கழகம் எதிர்ப்பு மாநாடு கூட்டியது.

சட்டமன்றத்தில் 1953 ஜூலை 29ஆம் நாள், திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு ஆதரவாக 138 வாக்குகளும் எதிராக 138 வாக்குகளும் விழுந்தன. திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவின் ஆய்வுக்கு விடும் தீர்மானம் 139க்கு 137 என்னும் வாக்குகளில் நிறைவேறியது. பருலேகர் தலைமையில் அமைந்த குழு அவ்வாண்டு நவம்பரில் அளித்த அறிக்கையில் திட்டத்தின் அடிப்படையை ஏற்றது. ஆயினும், வல்லுநரின் இசைவு மக்களின் இசைவாகவில்லை. ஆளுங்கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு முற்றியது. இராஜாஜி 1954 மார்ச்சில் பதவி விலகினார். ஏப்ரல் 13ஆம் நாள் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில், முன்பு இத்திட்டத்தை ஆதரித்து நின்ற கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியமே அது கைவிடப்பட்டதை அறிவித்தார்.

எதிர்ப்பாளர் பேசியது சாதியின் மொழியில் என்பது உண்மை. ஆனால், அதன் உட்பொருள் குழந்தையின் உரிமை. பிள்ளை பெற்றோரின் தொடர்ச்சி மட்டுமன்று, தனக்கென ஓர் எதிர்காலம் உடைய தனியாள் என்பதே அவ்வெதிர்ப்பின் சாரம். 1937இல் இராஜாஜி தந்தையின் குடியினின்றும் பிள்ளையை மீட்க அரசைப் பயன்படுத்தினார். 1953இல் தந்தையின் தொழிலினின்றும் பிள்ளையை விடுவிக்கும் கடமை அரசுக்கு உண்டு என்பதை ஏற்கவில்லை. குடியை அவர் குடும்பத்தின் பகையாகக் கண்டார். தொழிலைக் குடும்பத்தின் அறமாகக் கண்டார். குழந்தையின் இடத்திலிருந்து நோக்கினால், இரண்டும் அதன் வயிற்றையும் வாழ்வையும் பெற்றோரின் நிலைக்குக் கட்டிவைப்பனவே.

பிற்காலம்

பதவி நீங்கிய ஆண்டிலேயே இராஜாஜிக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. வியாசர் விருந்து, சக்கரவர்த்தித் திருமகன் ஆகிய நூல்களின் வாயிலாகத் தமிழ்க் குடும்பங்களின் இளையோர் பலர் இதிகாசங்களை அறிந்தனர். பின்னது 1958இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய அவர், மக்கள் வாழ்வில் அரசின் தலையீடு குறைய வேண்டும் என்பதையே இறுதிவரை வலியுறுத்தினார். 1972 டிசம்பர் 25ஆம் நாள் மறைந்தார்.

அவர் எதிர்கொண்ட பற்றாக்குறையை அவருக்குப் பின் வந்த ஆட்சி வேறு முறையில் அணுகியது. வேலைக்காகப் பிள்ளை வீட்டில் நின்றுவிடும் என்பது இராஜாஜி சரியாகக் கண்ட உண்மை. அவர் அதற்காகப் பள்ளி நேரத்தைக் குறைத்தார். காமராசர் ஆட்சி பள்ளியில் உணவு வைத்தது. 1956 முதல் விரிந்த மதிய உணவுத் திட்டம், பிள்ளை ஈட்டித்தரும் சிறுகூலிக்கு மாற்றாக ஒருவேளை உணவைக் குடும்பத்துக்கு மிச்சப்படுத்தியது. நோய் ஒன்றே, குறுக்கிட வேண்டியது குழந்தையின் நேரத்திலா, குடும்பத்தின் வறுமையிலா என்பதில்தான் வேறுபாடு.

முடிவுரை

இராஜாஜியின் வாழ்வு குழந்தைக் காப்பைப் பற்றி உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. அவர் குடும்பத்தை நம்பினார். அவருடைய குடும்பம் அந்நம்பிக்கைக்கு உரியதாகவே இருந்தது. சட்டம் பதினான்கில் நின்றபோது அவர் இல்லம் இருபதைக் கடந்தது. அந்நம்பிக்கையை ஒரு மாகாணத்தின் எல்லா வீடுகளுக்கும் பொதுவாக்கியபோது, வறுமையும் சாதியும் குடும்பத்தின் விருப்பத்தை எவ்வளவு குறுக்கிவிடும் என்பது கணக்கில் வரவில்லை. அரசின் கடமை பெற்றோரின் அன்பை ஐயுறுவதன்று. அன்பிருந்தும் ஆற்றல் இல்லாத வீட்டில் பிள்ளையின் எதிர்காலத்துக்குப் பிணையாக நிற்பதே அக்கடமை.

இவ்வினா வரலாற்றோடு முடிந்துவிடவில்லை. பெண்சிசுக் கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் இதே சேலத்தில்தான் தொடங்கியது. குடும்பத்தால் ஏற்க இயலாத குழந்தையை அரசே ஏந்த முன்வந்த நிகழ்வு அது. 2002ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. 2010 ஏப்ரல் முதல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆயினும், 2016ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தம், பதினான்கு வயது நிரம்பாத பிள்ளை பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் இடர் விளைக்காத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று இடமளிக்கிறது. 1938ஆம் ஆண்டு விலக்கும் 1953ஆம் ஆண்டுத் திட்டமும் ஏற்ற அதே நம்பிக்கை வேறு வடிவில் சட்டத்துள் தொடர்கிறது. தறிவீட்டுக்குள் நடப்பது உதவியா உழைப்பா என்பதை எவர் கண்டு சொல்வது என்னும் வினாவுக்கு இராஜாஜியின் காலம் விடை காணவில்லை. அவ்விடையைக் காணும் கடமை இன்றைய அரசுக்கு உரியது.